கவசத்தின் மேல் தண்ணீர்

அத்தியாயம் பதினேழு

பதினொரு மாதம் அக்காவோடு பேசாமல் இருந்த சின்னவள், சென்ற வாரம் போனில் பேசிவிட்டாள். பேசியது நாலே நாலு வாக்கியம்.

"ஞாயித்துக்கிழமை நாடகம். மறுபடியும் அதே ராணி வேஷம். கவசத்த நீயே பூசு. புதன்கிழமை அஞ்சு மணிக்குத் தலைக்கவசத்தக் கொண்டு வரேன்."

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் வைத்துவிட்டாள். ஆனால் பெரியவளுக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போனாள். பொங்கி வழிந்ததைத் துடைத்துக்கொண்டே தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

நாடகக் குழுவுக்குக் கவசம் செய்து கொடுப்பது பெரியவளின் தொழில். அந்தக் கவசத்தை மாட்டிக்கொண்டு மேடையில் நிற்பது அவள் தங்கை சின்னவளின் தொழில். போன வருடம் இரண்டும் மோதிக்கொண்டன.

ராணி சபதம் செய்கிற கட்டம் அது. எதிரிப் படைத் தலைவன் அவள் தோளைப் பற்றித் தள்ள வேண்டும். பற்றினான், தள்ளினான். தோள்தகட்டின் பெயிண்டும் அவன் உள்ளங்கையோடு கிளம்பிப் போய்விட்டது. மார்புக்கவசத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து நாக்குப் போலத் தொங்கியது. உள்ளே வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். அரங்கமே சிரித்தது. சின்னவள் சபதத்தைக் கடைசி வரி வரை சொல்லி முடித்தாள். ஒருத்தர் காதிலும் அது விழவில்லை.

வீட்டுக்கு வந்து கவசத்தைத் தரையில் போட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"நான் நல்லா வந்துடக் கூடாதுன்னே பண்ணியிருக்கே."

தலைக்கவசத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். அதிலும் பாதி உரிந்திருந்தது. மீதியை நகத்தாலேயே உரித்துப் போட்டாள். "இதப் பாக்குறப்பல்லாம் நீ செஞ்சது எனக்கு ஞாபகம் வரணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினவள்தான்.

பெயிண்ட் ஏன் உரிந்தது என்று பெரியவளுக்கு இன்று வரை தெரியாது. அதுதான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பெயிண்டைக் குற்றம் சொன்னாள், ப்ரைமரைக் குற்றம் சொன்னாள், மேடை விளக்கின் சூட்டைக் குற்றம் சொன்னாள். யாரும் இல்லாத நேரத்தில், தன்னையறியாமல் தானே ஏதாவது செய்துவிட்டோமோ என்று தன்னையும் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். இந்தத் தடவையும் உரிந்தால் தங்கை சொன்ன அந்த ஒரு வாக்கியம் உண்மையாகிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அதை அழிக்க முடியாது.

இன்று புதன்கிழமை.

காலை ஏழரை மணிக்கு மாடி அறைத் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு ஸ்பிரே கன்னை எடுத்தாள் பெரியவள். ஜன்னலோரக் கம்பியில் எட்டு உருப்படிகள் கொக்கியில் தொங்கின. மார்புக்கவசம், முதுகுக்கவசம், இரண்டு தோள்தகடு, இரண்டு முன்கைக் காப்பு, இரண்டு கால் காப்பு. எல்லாம் சூட்டில் வளைத்த பிளாஸ்டிக். நேற்று முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழைய பெயிண்டைப் பொட்டு விடாமல் எடுத்திருந்தாள்.

முதலில் சாம்பல் நிற ப்ரைமர். அதுதான் பிளாஸ்டிக்குக்கும் பெயிண்டுக்கும் நடுவில் நின்று இருவர் கையையும் பிடித்துக்கொள்கிற ஆள். அது மதியத்துக்குள் காய வேண்டும். பிறகு செம்புச் சிவப்பு எனாமல் பெயிண்ட், மூன்று பூச்சு. எனாமல் முழுசாக இறுக நான்கு நாள். இன்று மாலைக்குள் பூசி முடித்தால்தான் ஞாயிற்றுக்கிழமை ராணி அதை உடம்பில் மாட்ட முடியும். ஒரு நாள் தள்ளினாலும் அது பிசுபிசுப்போடுதான் மேடை ஏறும்.

மார்புக்கவசத்தின் மேல் கன்னை இடமிருந்து வலமாக ஓட்டினாள். மெல்லிய சாம்பல் படலம் அழகாக விழுந்தது. இரண்டு நொடி.

மூன்றாவது நொடியில் ப்ரைமர் விலகியது.

நடுமார்பில் ஒரு குட்டி வட்டம் திறந்தது. உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் பத்து, இருபது. யாரோ உள்ளேயிருந்து விரலால் குத்துவது போலத் தகடு முழுவதும் வட்ட வட்டமாகத் திறந்துகொண்டே போனது. பெரியவள் கன்னைக் கீழே வைத்துவிட்டாள்.

'ஐயோ, மறுபடியுமா?'

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழுதால் மூக்கு ஒழுகும், மூக்கு ஒழுகினால் முகமூடியைக் கழற்ற வேண்டும், அதெல்லாம் இப்போது ஆகிற காரியமில்லை என்று எழுந்துவிட்டாள்.

தப்பு மூன்று இடத்தில் இருக்கலாம். காற்றில், ப்ரைமரில், தகட்டில். பழைய கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் அடித்துப் பார்த்தாள். வழவழவென்று படிந்தது, ஒரு வட்டம்கூட இல்லை. ஆக, காற்றும் ப்ரைமரும் நிரபராதிகள். முன்கைக் காப்பில் அடித்தாள். வட்டம். தோள்தகட்டில் அடித்தாள். வட்டம்.

கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாற்றுக் கால் காப்பு ஒன்று மாட்டியிருந்தது, முந்தாநாள் வளைத்து நேற்று மற்றவற்றோடு தேய்த்தது. அதையும் ஒரு கை பார்த்தாள். சாம்பல் நிறம் அமைதியாகப் படுத்துக்கொண்டது.

அதே பிளாஸ்டிக், அதே உப்புத்தாள், அதே கை. கம்பியில் தொங்கியதற்கு ஒரு நியாயம், கதவுக்குப் பின்னால் தொங்கியதற்கு ஒரு நியாயமா?

இன்னும் ப்ரைமர் படாத முதுகுக்கவசத்தைக் குழாயடிக்கு எடுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தகட்டில் நிற்கவே இல்லை. முத்து முத்தாக உருண்டு, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடிப் போனது. இந்த ஓட்டத்தை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே?

வாசலில் நிற்கிற தன் கணவனின் சைக்கிள் மேல். மழை நாளில்.

தகட்டை மூக்கருகே கொண்டுபோனாள். லேசான எலுமிச்சை வாசனை. பதினெட்டு வருடமாகத் தினம் சாயங்காலம் சட்டையோடு வீட்டுக்குள் நுழைகிற வாசனை.

போனை எடுத்தாள். "உடனே வீட்டுக்கு வாங்க."

"என்னாச்சும்மா? உடம்புக்கு ஏதாவது..."

"வாங்கன்னா வாங்க."

அவருக்குத் தெருவில் பளபளா என்று பெயர். புதுக் கார் விற்கிற இடத்தில் வண்டியைக் கடைசியாகப் பாலிஷ் போட்டு வெளியே விடுகிற வேலை. கையில் துணி கிடைத்தால் போதும், கதவுக் கைப்பிடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடி வரை எதையும் விட மாட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற வேலைதான் சில நேரம் வீட்டைக் கவிழ்த்துவிடும்.

பத்து நிமிடத்தில் மூச்சிரைக்க மாடியேறி வந்தார் பளபளா. மனைவி முதுகுக்கவசத்தை நீட்டினாள்.

"இத நீங்க தொட்டீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா? எப்படி இருக்கு! விடியறதுக்குள்ள எழுந்து எட்டையும் துடைச்சேன். உன்கிட்டச் சொல்லாம செய்யணும்னு..."

"எதப் போட்டுத் துடைச்சீங்க?"

"நம்ம பாலிஷ்தான். ஒசத்திச் சரக்கு. டாஷ்போர்டுக்குப் போடறது." மனைவியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ராசிக்கும்மா. எப்பவும் செய்யறதுதானே."

அது உண்மைதான். சின்னவள் பதினாறு வயதில் முதல் முதலாக மேடை ஏறியபோது, அவள் தலையில் வைக்க வேண்டிய தகரக் கிரீடத்தைத் தன் பாலிஷ் துணியால் ஒரு துடைப்புத் துடைத்துக் கொடுத்தார் அத்தான். அன்று கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அன்றிலிருந்து அவர் கை படாமல் அவள் எந்த நாடகத்துக்கும் போனதில்லை. வாளோ, செருப்போ, வளையலோ, ஏதாவது ஒன்றை அவர் துடைத்தாக வேண்டும். குடும்பத்தில் அதற்குப் பெயரே ராசித் துடைப்பு.

ஆனால் அதெல்லாம் பூசி முடித்த பிறகு, நாடகத்தன்று.

"பூசறதுக்கு முன்னாடி ஏன் துடைச்சீங்க?"

"ஞாயித்துக்கிழமை எனக்கு வெளியூர் டெலிவரி இருக்கு. அதான் முன்கூட்டியே..." என்றவர் அங்கேயே நின்றார்.

அவருக்கு விஷயம் உறைப்பதைப் பெரியவள் அவர் கண்ணிலேயே பார்த்தாள். மனதில் இருந்ததை அவள் சொல்லியேவிட்டாள்.

"போன வருஷம் நாடகத்தன்னிக்கும் நீங்க ஊர்ல இல்ல."

பளபளா முதுகுக்கவசத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"போன வருஷமும் முன்னாடியே துடைச்சீங்களா?"

தலை மட்டும் அசைந்தது. மெதுவாக நடந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"பாலிஷ் மேல பெயிண்ட் ஒட்டாதா?" என்று கேட்டார், சின்னக் குரலில்.

"தண்ணியே ஒட்டாது. பெயிண்ட் எப்படிங்க ஒட்டும்?"

போன வருடம் அவசரத்தில் ப்ரைமரைத் தூரிகையால் தடிப்பாக அப்பிவிட்டாள் பெரியவள். வட்டங்கள் எல்லாம் அந்தத் தடிப்புக்குள் மூடிக்கொண்டன. மேலே பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அது தகட்டைப் பிடிக்கவில்லை, சும்மா போர்த்திக்கொண்டிருந்தது. விஷயம் அவ்வளவுதான். பதினொரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட புதிருக்கு விடை, படிக்கட்டில் உட்கார்ந்து விரலைப் பிசைந்துகொண்டிருந்தது.

கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் அந்த மனிதர் விடிகாலையில் எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல், எட்டுத் தகட்டையும் ஆசை ஆசையாகத் துடைத்திருப்பதை நினைத்தால் கத்தவும் வாய் வரவில்லை.

"மணி ஒன்பதாகுது. எழுந்திருங்க. லீவு சொல்லுங்க."

"நான் கை வெச்சா இன்னும் கெட்டுப் போயிடாதா?"

"கெட்டுப் போகும். அதனால மொதல்ல போய்க் குளிங்க. சோப்புப் போட்டு ரெண்டு தடவ. அந்தச் சட்டை இந்த அறைக்குள்ள வரக் கூடாது."

துணிக்குத்தான் திண்டாட்டமாகிவிட்டது. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு துணியும் என்றைக்காவது ஒரு நாள் பளபளாவின் கையில் பட்டதுதான். கடைசியில், விருந்தாளி வந்தால் விரிக்கலாம் என்று உறையைப் பிரிக்காமல் வைத்திருந்த படுக்கை விரிப்பை எடுத்துக் கத்தரியைப் போட்டாள் பெரியவள். கணவர் ஐயோ என்றார். அவள் காதில் வாங்கவில்லை.

ப்ரைமர் பட்ட மூன்று தகட்டையும் வழித்தெடுத்துவிட்டு, முதலில் சோப்புத் தண்ணீர். அப்புறம் ஸ்பிரிட்.

"ரெண்டு துணி வேணும், ரெண்டு ஆள் வேணும்" என்றாள். "நீங்க ஸ்பிரிட் நனைச்ச துணியால துடைச்சுக்கிட்டே போங்க. நான் பின்னாலயே காஞ்ச துணியால எடுத்துக்கிட்டே வரேன். ஈரம் இருக்கும்போதே எடுத்துட்டா பாலிஷ் துணியோட வந்துரும். காய விட்டா அங்கயே மறுபடி படுத்துக்கும். ஒரு தடவ பட்ட துணி மறுபடி படக் கூடாது."

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டா சீக்கிரம் போயிடாதா?"

"மொதல்ல தேய்ச்சா கீறலுக்குள்ள போய் ஒக்காந்துக்கும். துடைச்ச பிறகுதான் தேய்க்கணும்."

பளபளா திருதிருவென்று விழித்தார். இருபது வருடமாகத் துணியும் கையுமாக இருக்கிறவர். துடைப்பதில் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அவர் கை முன்னால் போனது. அவள் கை பின்னாலேயே போனது. எட்டு உருப்படி, மூன்று சுற்று. ஒரு விரிப்பு துண்டு துண்டாகித் தீர்ந்து, ஒரே ஒரு துண்டுதான் மிஞ்சியது. பிறகு நீரில் நனைத்த உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. மறுபடி ஒரு கழுவல்.

பதினொன்றரை மணிக்கு மார்புக்கவசத்தைக் குழாயடியில் சாய்த்துப் பிடித்தாள் பெரியவள்.

"திறங்க."

தண்ணீர் விழுந்தது. முத்தாகவில்லை, உருளவில்லை, ஓடவில்லை. கழுத்து விளிம்பில் தொட்ட தண்ணீர் அப்படியே பரந்து, மார்பின் வளைவில் ஏறி இறங்கி, இடுப்பு வரைக்கும் ஒரே படலமாக வந்து நின்றது. நடுவில் ஓர் இடைவெளி இல்லை. குழாயை மூடிய பிறகும் அது தகட்டை விட்டுப் போகவில்லை. அதில் ஜன்னலும் ஆகாயமும் தெரிந்தன.

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்போம், இப்படி ஒரு பொருளை நம்பி அதன் மேல் படுத்துக்கொள்ளும் என்று தெரியாமல் போயிற்றே என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"நிக்குதே!" என்றார் பளபளா.

ப்ரைமர் இந்தத் தடவை ஒரு வட்டம் இல்லாமல் படிந்தது. அது காய்வதற்குள் இருவரும் ஆளுக்கொரு டீயை நின்றபடியே குடித்தார்கள். ஒன்றரை மணிக்கு எனாமல் டப்பாவைத் திறந்தாள். நாடகக் குழுத் தலைவர் இரண்டு தடவை போன் செய்தார். இரண்டு தடவையும் பளபளாவே எடுத்து, "பூசிக்கிட்டிருக்காங்க சார், இப்பப் பேச முடியாது" என்று, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிறவர் போல மெல்லிய குரலில் சொன்னார்.

முதல் பூச்சு பனி மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல். இரண்டாவது கொஞ்சம் கனமாக. இருபது நிமிடம் விட்டு மூன்றாவது. இந்த மூன்றாவதுக்காகத்தான் பெரியவள் இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்றே சொல்லலாம்.

கன்னை நிறுத்திவிட்டு, "இங்க வந்து நில்லுங்க. மூச்சு விடாதீங்க. பாருங்க" என்றாள்.

மார்புக்கவசத்தின் சிவப்பு, முதலில் ஆரஞ்சுப் பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது. யாரும் தொடவில்லை. காற்றுகூட அசையவில்லை. மேடு தானாக இறங்கியது, பள்ளம் தானாக நிரம்பியது. ஒரு புள்ளி இன்னொரு புள்ளியோடு கலந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகடு மொத்தமும் ஒரே பரப்பாகி, அந்தப் பரப்புக்குள்ளிருந்து வெளிச்சம் எழுந்து வந்தது. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் அதில் நேராகத் தெரிந்தது.

பளபளா வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"நான் நாள் பூராத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கொண்டு வர்றத, இது சும்மா தொங்கிக்கிட்டே கொண்டு வருதே!"

அவர் கண் கலங்கியிருந்தது. பெரியவள் சிரித்துவிட்டாள். அவளுக்கும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். எத்தனை கவசம் பூசியாயிற்று, இந்த ஒரு நிமிடம் மட்டும் பழகவே இல்லை.

மூலையில் கண்ணாடி போன பழைய பீரோ ஒன்று நின்றது. அதுதான் அவளுடைய சூட்டு அறை. உள்ளே இரண்டு குண்டு பல்பு, கீழேயும் மேலேயும் வரிசையாக ஓட்டை. எட்டு உருப்படியையும் ஒன்றோடு ஒன்று படாமல் உள்ளே தொங்கவிட்டாள். பளபளா உடனே சுவிட்சில் கை வைத்தார்.

"வேண்டாம்! பெயிண்ட்ல கலந்த தின்னர் வாசனை போகட்டும், தீப்பிடிச்சுக்கும். இப்பப் போட்டீங்கன்னா பீரோ மட்டும் இல்ல, தெருவே வெளிச்சமாயிடும்."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தின்னர் போயிட்டாக் காஞ்சுடுமா?"

"அதோட காயறது முடிஞ்சுது. அப்புறம்தான் இறுகறது. எனாமல் காத்தக் குடிச்சுத்தாங்க இறுகும். மூடி வெச்சா நாலு மாசம் ஆனாலும் பிசுபிசுன்னுதான் இருக்கும். ஓட்டை எதுக்குப் போட்டிருக்கேன்னு நெனச்சீங்க? அது மூச்சு விடறதுக்கு."

பளபளா பீரோவிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார், அதன் காற்றில் தான் பங்கு கேட்கக் கூடாது என்பது போல.

நாலரைக்கெல்லாம் வாசனை தணிந்திருந்தது. பல்பைப் போட்டுவிட்டுப் பெரியவள் திரும்புவதற்கும் படியில் காலடி கேட்பதற்கும் சரியாக இருந்தது. அந்தக் காலடியைப் பதினொரு மாதம் கழித்துக் கேட்டாலும் அவளுக்குத் தெரியும். கடைசிப் படியை மட்டும் ஓங்கி மிதிக்கிற காலடி.

சின்னவள் வாசலிலேயே நின்றாள். மெலிந்திருந்தாள். பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"வா" என்றாள் பெரியவள்.

"குடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்." அக்காவைப் பார்க்காமல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். "பூசியாச்சா?"

"பீரோவுல இருக்கு. பாரு. தொட்டுடாதே."

விறைப்பாகத்தான் நடந்து போனாள். பீரோவுக்குள் பார்த்தவள் அப்படியே குனிந்தாள். பல்பு வெளிச்சத்தில் எட்டு உருப்படியும் ஒளிர்ந்துகொண்டிருந்தன. செம்புக்குள் ரத்தம் ஓடுகிற மாதிரி ஒரு சிவப்பு. பிளாஸ்டிக் என்று யார் சொன்னாலும் நம்ப முடியாது. மார்புக்கவசத்தின் வளைவில் அவள் முகம் தெரிந்தது, கண்ணிமை வரைக்கும்.

"அக்கா..." என்றாள் தன்னை மறந்து. சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பெரியவள் பீரோவின் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல முடியாது.

"போன வருஷம் என் தப்பு. வேணும்னு செய்யல, சத்தியமா. பூசறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திப் பாத்திருக்கணும். அவசரத்துல பாக்கல."

கணவர் பெயரை அவள் எடுக்கவில்லை. ஆனால் பளபளாவால் தாங்க முடியவில்லை. துடைத்த துணிகளின் குவியலைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"அவ தப்பு இல்லம்மா. நான்தான். வெறும் தகட்டுல பாலிஷ் போட்டுத் துடைச்சுட்டேன். அதுக்கு மேல பெயிண்ட் ஒட்டாதாம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

சின்னவள் நிமிர்ந்தாள். முகத்தில் இருந்த நிறம் எல்லாம் இறங்கிவிட்டது.

"ராசித் துடைப்பா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"போன வருஷம் நீங்க ஊருக்குப் போறீங்கன்னு, முன்னாடியே துடைச்சுடுங்கன்னு நான் சொன்னேனே... அதா அத்தான்?"

பெரியவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "இவ சொன்னாளா? காலையில நான் கேட்டப்ப நீங்க இதச் சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்றது?" என்றார் அவர். "ரெண்டு பேரும் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கீங்க."

"நேத்தும் நான்தான் போன் பண்ணிச் சொன்னேன்" என்றாள் சின்னவள். "அக்காகிட்டச் சொல்லாதீங்கன்னும் சொன்னேன்." ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "நான் உன்ன என்ன வார்த்தையெல்லாம் சொன்னேன் அக்கா..."

பரவாயில்லை என்று சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. பரவாயில்லை என்பது உண்மையில்லை, பதினொரு மாதம் வலித்தது. கையை மட்டும் நீட்டினாள்.

"தலைக்கவசத்தக் குடு. அஞ்சு மணியாகப் போகுது. அதுக்கும் நாலு நாள் வேணும்."

சின்னவள் பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"என்னடி?"

"திட்டாதே."

பையிலிருந்து அதை எடுத்தாள். பதினொரு மாதத்துக்கு முன்னால் நகத்தால் உரித்த அதே தலைக்கவசம். வெறும் கறுப்புப் பிளாஸ்டிக். ஆனால் அது மின்னியது. கண் கூசும்படி, புதுக் காரின் முன்பக்கம் போல மின்னியது.

பளபளா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஸ்கூட்டருக்குன்னுதானேம்மா மாசாமாசம் எங்க கடைக்கு வந்து பாலிஷ் பாட்டில் வாங்கிட்டுப் போனே?"

"ஸ்கூட்டர் எப்பவோ போயிடுச்சு அத்தான்." சின்னவள் தலைக்கவசத்தை அக்கா பக்கம் நீட்டினாள். "ஆத்திரத்துலதான் எடுத்துட்டுப் போனேன். மேசை மேல வெச்சேன். காலையில எழுந்தா இதுதான் முன்னால நிக்கும். திட்டிக்கிட்டேதான் துடைப்பேன். தினமும். ஒரு நாள்கூட விடல."

பெரியவள் அதை வாங்கிக் குழாயடிக்குப் போனாள். தண்ணீரைத் திறந்தாள். சின்னவளும் பின்னாலேயே வந்து நின்றாள்.

தண்ணீர் விழுந்த வேகத்தில் முத்து முத்தாகச் சிதறி ஓடியது. எவ்வளவு ஊற்றினாலும் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டுகூட அதன் மேல் நிற்கவில்லை. பதினொரு மாதம், தினமும். தன்னை வெறுத்து ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்திருந்த அத்தனை நாளையும் பெரியவள் அந்த ஓட்டத்தில் பார்த்துக்கொண்டே நின்றாள். குழாயை மூட அவளுக்கு மனம் வரவில்லை.

"இதுல பெயிண்ட் ஒட்டுமா அக்கா?"

"தெரியல." அவள் பொய் சொல்லவில்லை. இத்தனை பாலிஷ் குடித்த தகட்டை அவள் வாழ்நாளில் கண்டதில்லை.

முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். படுக்கை விரிப்பில் மிச்சமிருந்த கடைசித் துண்டை இரண்டாகக் கிழித்தாள். ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

"நீ முன்னால துடைச்சுக்கிட்டே போ. காயறதுக்குள்ள நான் பின்னாலயே வரேன்."